நெருப்புப்பெட்டி யார் கையில்

ஜூன் 9
விடிய மழை. காலி வீதியில தண்ணி. பிளவுஸ் துணி பார்சல் வந்தது, ஒரு கட்டு ஓரம் நனைஞ்சிட்டு. தையல்காரிகளுக்கு விலை குறைச்சுத் தள்ளவேணும்.

திரும்பவும் ரத்தம். போன கிழமைதான் நிண்டது. சிவப்பும் இல்லை, தேத்தண்ணிக் கறை மாதிரி. மாதவிடாயோ, சும்மா கசிவோ? உடம்புக்கே தெரியேல்லை.

கடை திறந்து நெருப்புப்பெட்டியை மேரியிட்டக் குடுத்தன். தூரமான நாளில கடைப் பிள்ளையாருக்கு நான் விளக்குக் கொளுத்துறேல்ல. கொட்டாஞ்சேனையில இருந்து வேலைக்கு வாற மேரிதான் கொளுத்துவாள். "எங்கட மாதா இதெல்லாம் கேக்கமாட்டா அக்கா" எண்டு முதல் நாளே சொன்னவள். வேதக்காரப் பிள்ளை கொளுத்துது எண்டு பிள்ளையாரும் கோவிக்கேல்லை.

இந்த வருஷம் நெருப்புப்பெட்டி கூடுதலா அவளின்ர கையிலதான். என்ர கர்ப்பப்பைக்குக் கடை வாசலில போர்டு போட்ட மாதிரி.

ஜூன் 11
பாமன்கடை. பிள்ளை தங்கவேணுமெண்டு சீன ஊசி வைத்தியம். வயித்தில, கணுக்காலில, உச்சியில ஒண்டு, ரெண்டு கையிலயும். "ரிதெனவாத?" நோகுதோ எண்டு டொக்டர் நோனா, சிங்கள அம்மா, கேட்டா. "நே", இல்லை எண்டன். பொய். கால் விரலில கரண்ட் ஓடினது.

பிறகு லைற்றை அணைச்சிட்டுப் போயிடுவா. அசையக்கூடாது. கிழமையில எனக்குப் பிடிச்ச நேரம் அதுதான். கண்ணை மூடினா ஒரு துணிக்கட்டு தானா அவிழுது. வெள்ளைப் பருத்தி, மெல்லிசு. ரயில் பாதைக்கு மேலால போய்க் கடல்ல விழுது, நனையேல்லை. ஆரோ அந்தப் பக்கம் நுனியைப் பிடிச்சு இழுக்கினம். எத்தினை யார் துணி வெட்டவேணும் எண்டு கேக்கிறன். பதில் வரமுதல் ஊசி கழட்ட வந்திட்டா.

ஆஸ்பத்திரி டொக்டரின்ர குளிசையும் நடக்குது. "ஊசி குத்துறது உங்கட விருப்பம், குளிசையை மட்டும் விடாதேங்கோ" எண்டவர். எனக்கும் அதே கொள்கை. ஒரே ஆளிட்ட முழுச் சரக்கும் எடுக்கிறேல்ல.

வாங்க: தூரத்துக்கு பாட், சவுக்காரம், முருங்கையிலை, இவருக்குச் சவர பிளேட்.

ஜூன் 13
நிக்கேல்லை. இவர்தான் சோறு போட்டுத் தந்தார்.
"கொஞ்சம் விட்டுப் பிடிப்பமே?"
"வயசு விட்டுப் பிடிக்குதில்லையே."
சிரிச்சார். பிறகு சிரிப்பை விட்டிட்டு, ஊசி குத்தின இடமெல்லாம் தடவி விட்டார். ஒரு இடத்தையும் தவறவிடேல்லை.

ஜூன் 16
இது நிக்கும் நிக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தா என்ர விளக்கு எனக்கில்லை. நடைபாதையில நைட்டி வித்து எடுத்த கடை. பிள்ளையாருக்குத் தெரியாததோ? நானே கொளுத்தினன். இனி ஒவ்வொரு நாளும் நான்தான். மேரி பாத்தாள்.

ஜூன் 25
வெயில். வாசலில அன்னாசி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோக மேரி பறிச்சாள்.
"என்ன அக்கா நீங்க! இப்ப அன்னாசி திங்கலாமா?"
விடிய துணிக்கட்டுத் தூக்கவும் விடேல்லை. என்ர கதிரையில ஒரு தலையணை.

அப்பதான் பிடிபட்டது. நெருப்புப்பெட்டி இத்தனை நாளும் தன்ர கைக்கு வரேல்லை எண்டு அவள் ஒரு கணக்குப் போட்டிட்டாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. பாட் வைச்சுக்கொண்டு தலையணையில சாஞ்சிருந்தன். கடை தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி. ஆக்கள் ஆறுதலா நடக்கினம், தொங்கிற சேலையள் மீன் மாதிரி அசையுது. பஸ் சத்தம் எங்கயோ மேல. ஒரு மனுசி விலை குறைக்கக் கேட்டா. குறைச்சுக் குடுத்தன். நான்! வயித்தில கையை வைச்சபடி.

ஒரு பின்னேரம் முழுக்க எனக்குப் பிள்ளை இருந்தது.

ஜூன் 27
பாமன்கடை. கிடக்கேக்க அழுகை வந்திட்டு. கையிலயும் ஊசி, துடைக்கேலாது. கண்ணீர் காதுக்குள்ள போகுது. நோனா வந்து பஞ்சால ஒத்தி எடுத்தா. "அண்டன்ன எபா" எண்டா. அழாதை எண்டு சொல்லிப்போட்டு அங்கயே நிண்டா. இண்டைக்குத் துணி அவிழேல்லை.

ஜூன் 28
சேலை மடிக்கேக்க சொன்னன். "மேரி, ஒண்டுமில்லை. ரத்தம் இன்னும் போகுது. விளக்கு நான் சும்மாதான் கொளுத்தினனான்."
மடிச்ச கை நிண்டது.
"நான் செவ்வாக்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திட்டேனே அக்கா. நன்றி சொல்லி."
"அப்ப போய்த் திருப்பிக் கேள்."
"வித்த சாமான் திருப்பி எடுக்கமாட்டம். உங்கட கடையில எழுதியிருக்குதானே. அவரும் அப்பிடித்தான்."
ரெண்டு பேரும் சிரிச்சம். அவள் உடனேயே அழுதும் போட்டாள். துணிக்கட்டை மட்டும் இன்னும் தூக்க விடுறாள் இல்லை.

ஜூலை 4
ரத்தம் நிண்டிட்டு. நம்பேல்லை. முதலும் நிண்டதுதானே.
மின்சார பில். வெள்ளை லைனிங் துணி முடிஞ்சுது.

ஜூலை 12
இன்னும் சுத்தம். இவர் வெள்ளன வந்தார். கடற்கரைப் பக்கம் நடந்தம், இறால் வடை. ரயில் போகேக்க காத்து வந்து என்ர சேலையை அவரின்ர முகத்தில போட்டது. "எத்தினை யார்?" எண்டார். என்ர கனவை அவருக்குச் சொன்னதில்லை நான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினம். மிச்சம் எழுதத் தேவையில்லை.

ஜூலை 21
நல்ல வெயில். விளக்கு நான்.
மேரி அன்னாசி வாங்கி வந்து நீட்டினாள். அண்டைக்குப் பறிச்சதுக்கு ஈடாம். உப்பும் தூளும் கூடவே போட்டிருக்கு.
"தின்னுங்க அக்கா. இப்ப பரவாயில்லத்தானே."
வாங்கி மணந்து பாத்தன். பன்ரெண்டாம் திகதியில இருந்து நாளை எண்ணிப்பாத்து மேசையில வைச்சன்.
"ஏன் அக்கா?"
"நீ தின்."