கிழக்கே பார்த்து நின்ற உழவு இயந்திரம்

உன் மனைவி இன்று ஒரு பழந்துணிப் பொதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அண்ணை, இதைக் காணக் காண எனக்கு ஏலாமல் கிடக்கு. நீங்களே வைச்சிருங்கோ." உள்ளே, நம் உழவு இயந்திரத்தை முன்னால் நின்று சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி. பழைய டீசல் மணம் எழுந்தது. எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம்.

யூரோ வந்த அடுத்த கோடையில், ஊன்ட்றொப்பு என்ற ஊருக்கு அப்பால் ஒரு ஜெர்மன் விவசாயியின் கொட்டிலில், கோழிகள் குடியிருந்த அந்த இயந்திரத்தை நீ கண்டுபிடித்தாய். ஒரு வருடத்துச் சனிக்கிழமைகளை அதற்குக் கொடுத்தோம். துரு சுரண்டினோம். இறுகிப்போன பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். அது ஒரு மயிரிழை அசைந்த அன்று, பிள்ளை பிறந்ததுபோல் எனக்குக் கை கொடுத்தாய். இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தவனும் நீதான். உயிர் போகாத வரைக்கும் அது சரியான பெயர்.

முதல் ஓட்டத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்தாய். நான்கு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தோம். எலுமிச்சம்பழம் தேநீருக்கா என்று விவசாயி விசாரித்தார். கிழக்கே பார்த்துத்தான் புறப்பட வேண்டும் என்றாய். கிழக்கில் செங்கற்சுவர் இருந்தது. வாசல் மேற்கில் இருப்பதை விவசாயி பணிவாகச் சுட்டிக்காட்டினார். அவருடைய அறியாமையை மன்னித்தோம்.

கியர் போடாமல்தான் கிளப்ப வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் நீ கடிகாரத்தைப் பார்த்தாய்.

"நல்ல நேரம் முடிய நாலு நிமிசம்தான் கிடக்கு, மச்சான். கியரைப் போட்டுக் கிளச்சை மிதிச்சுக்கொண்டிரு. நான் விலகின பிறகு விடு."

நான் இருக்கையில் ஏறி மிதித்தேன். நீ சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்று சுற்றினாய். அது வெடிபோல் ஒரு சத்தத்தோடு உயிர்த்தது. நான் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டேன். தேசிக்காய்கள் நசிந்தன. நீ பின்னோக்கி நடந்தாய், பிறகு நடக்க இடம் இல்லை. என் கால் எங்கெங்கோ தேடி, கடைசியில் கிளச்சைக் கண்டுபிடித்தபோது இயந்திரத்தின் மூக்கு உன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"மச்சான்," என்றாய் மிக மெதுவாக, "காலை எடுத்திடாதை. தும்மவும் வேண்டாம்."

விவசாயி ஓடிவந்து எரிபொருளை நிறுத்தும்வரை இடது காலால் கிளச்சை மிதித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரமும் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வேறு ஆளைப் பிடி என்றேன்.

"ஒருக்கா பயந்தவன்தான் எனக்கு வேணும். ஏறு."

மறுபடியும் முன்னால் போய் நின்றாய். இம்முறை மேற்கே பார்த்து, கியர் போடாமல். அது ஒற்றைச் சிலிண்டரில் டக் டக் என்று வயலைச் சுற்றியபோது நீ விசில் அடித்தாய். எனக்கு வேர்த்து ஊற்றியது.

சென்ற மாரிக்குளிரில், மருத்துவமனையில் உன் கட்டிலருகே இருந்தேன். மூச்சு ஒவ்வொன்றுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. நான் இடது காலைத் தரையில் ஊன்றி அழுத்துவதைத் தாதி கண்டு, கால் நோகிறதா என்று கேட்டாள். இல்லை, பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை. நீ போன பிறகும் நெடுநேரம் நான் காலை எடுக்கவில்லை.

இப்போது என் மகள் தெருவைக் கடக்கும்போதெல்லாம், சன்னலருகே நிற்கும் என் இடது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. அவள் மறுகரை சேர்ந்த பிறகுதான் எடுக்கிறேன்.