பழைய கப்பலுக்கு ஒரு தனி வாசல்

இலோய்லோ,
திங்கள் காலை

அன்புள்ள ரெய்னால்டோ,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. இது உன் கப்பலின் கணினியில் திறந்தால், நான் இங்கே செய்த வேலை பலித்தது என்று அர்த்தம். உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பா போய்விட்டார். புதன்கிழமை, மீன் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கஷ்டப்படவில்லை.

அன்றைக்கே உனக்கு எழுதினேன். போகவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் உங்கள் கப்பலின் அஞ்சல் போய்வரும் எங்கள் அலுவலக சர்வரை மாற்றியிருந்தேன். கடவுச்சொல் கோளாறு என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. சர்வரின் பதிவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புது மென்பொருள் புதுவகைப் பாதுகாப்புப் பூட்டோடு வந்தால்தான் பேசும். உன் கப்பலின் பழைய நிரலுக்கு அந்தப் பூட்டே தெரியாது. மணிக்கொரு தடவை வந்து தட்டியிருக்கிறது, சர்வர் என்ன ஏது என்று கேட்காமல் விரட்டியிருக்கிறது. உங்கள் கப்பலின் தொலைபேசியும் புயலில் போனது போனதுதான்.

பழைய பூட்டை அனுமதித்தால் கண்டவனும் நுழைவான் என்று மேலாளர் டான்டே தயங்கினார். "அடுத்த துறைமுகத்துல மாத்திக்கட்டும்மா, அப்படி என்ன தலை போற அவசரம்?" என்றார். காரணத்தைச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். உன் கப்பலுக்கு மட்டும் ஒரு தனி வாசல் திறந்திருக்கிறேன். இனி அது வந்து தட்ட வேண்டும்.

வீட்டில் அப்பாவின் சவப்பெட்டி கூடத்தில் இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருக்க வந்தவர்கள் வழக்கப்படி சீட்டாடுகிறார்கள். சாவு வீட்டைப் பெருக்கக் கூடாதே, நடந்தால் வேர்க்கடலைத் தோல் காலில் ஒட்டுகிறது. "நீ இன்னும் ஒரு சொட்டு அழலையேடி" என்று பக்கத்து வீட்டு தெரேசிங் கேட்டேவிட்டாள். அழுகை வரவில்லை, ரெய். பசியும் இல்லை. மரத்துப்போய் இருக்கிறேன்.

மூத்த மகன் சொல்லாமல் பெட்டியை மூடவிட மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். "அவன் வரணும்னு இல்ல. மூடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்" என்கிறார். உடலைப் பதப்படுத்தியவரோ இன்று மாலைக்கு மேல் தாங்காது என்கிறார். பாதிரியாருக்குச் சொல்லியாகிவிட்டது.

உன் தம்பி ஜோவெல் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணி, சர்வரே உங்க கையிலதானே இருக்கு? அண்ணன் பேர்ல நீங்களே ரெண்டு வரி போட்டுடுங்க. அம்மாவுக்குத் தெரியவா போகுது?" என்றான். தெரியாதுதான். உன் முகவரியிலிருந்து வந்ததுபோல அனுப்புவது எனக்கு ஒரு வேலையே இல்லை. நீ எழுதுவதுபோலவே எழுதியும் வைத்துவிட்டேன். அனுப்பக் கைதான் வரவில்லை.

பாதிரியார் வந்துவிட்டால் அந்த ரெண்டு வரியை அனுப்பிவிடுவேன். அதற்கு மேலும் அம்மாவைக் காக்க வைக்க என்னால் முடியாது. அதற்குள் நீ எழுதிவிடு. ஒரே ஒரு வரி. கடவுள் உன்னைக் கடலில் பத்திரமாக வைத்திருக்கட்டும். உன் அப்பாவை நீயே அனுப்பிவை, ரெய். என்னை அனுப்ப வைத்துவிடாதே.

உன்
மாரிபெல்