ஆனியில் வந்த சஷ்டித் தலைவலி

ஜூலை 3, வியாழன்

போனில் வாங்கிய காபிப் பொடி வந்து இறங்கிவிட்டது. எனக்கென்று தனியாக வாங்கியிருக்கிறான் ராம்குமார். "குடகுலேருந்து நேரா வருதும்மா, உயர்ந்த ரகம். ஆயிரம் பேர் நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்க." யார் அந்த ஆயிரம் பேர்? ஒருத்தர் முகத்தையாவது இவன் பார்த்தானா?

பாக்கெட்டில் சின்னதாக ஓர் ஓட்டை வேறு. வழியில் எவனோ குத்தியிருக்கிறான் என்றேன். மருமகள் சந்திரிகா சிரித்தாள். "காத்து வெளிய போறதுக்கு அவங்களே வைக்கிறது அத்தை." காற்று போனால் மணம் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்குமா?

ஜூலை 4

டிகாஷன் கறுப்பாகத்தான் இறங்கியது. ஆனால் குடித்தால் குடித்த மாதிரி இல்லை. சிக்கரியோ என்று ஒரு சிட்டிகைப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் தூவினேன். சிக்கரி என்றால் சாயம் விட்டுக்கொண்டே அடியில் போகும். இது மிதந்தது. அப்புறம் என்ன கோளாறு?

ஜூலை 5

தலைவலி. எழுத முடியவில்லை.

ஜூலை 7, திங்கள்

இன்னும் தெறிக்கிறது. படுத்துக்கொண்டே யோசித்தேன். இந்த வலி எனக்குத் தெரிந்த வலி. கந்த சஷ்டி விரதத்துக்குக் காபியை விடுகிறேனே, அப்போது நெற்றிப்பொட்டில் இதே இடத்தில்தான் வரும். ஐப்பசியில் வரவேண்டிய தலைவலி ஆனியில் எப்படி வந்தது? அதுவும் வேளை தவறாமல் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது?

அப்படியானால் நான் குடிப்பது காபி இல்லை.

அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் வழக்கமாக மில்லில் அரைத்து வாங்கும் பழைய பொடி. மிச்சம் தீரட்டுமாம். எனக்கு மட்டும் உயர்ந்த ரகம்! இது சந்திரிகா வேலைதான். இவள் நிச்சயதார்த்தத்தன்று இவள் அம்மா எங்களுக்கு இரண்டாம் டிகாஷனில் காபி கொடுத்தாள். என் கொழுந்தனுக்கு மட்டும் முதல் டிகாஷன். எந்த டம்ளர் யார் கைக்குப் போனது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கைதானே இதுவும்?

ஜூலை 8

பழைய பேப்பர்க் கட்டுக்குள் அந்தப் பாக்கெட் கிடந்தது. எல்லாம் இங்கிலீஷ். முந்தானையில் மறைத்துக் கீழ் வீட்டுக் கைசர் ஜஹானிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"அக்கா, தூக்கத்தைக் கெடுக்கிற சத்து ஒண்ணு காபில உண்டுல்ல? அதை எடுத்துட்டு விக்கிறாங்க."

"அப்புறம் எதுக்குடி குடிக்கணும்?"

"டாக்டர் வேணாம்னு சொன்னவங்க ஆசைக்குக் குடிப்பாங்க."

மாடி ஏறும்போதே காது சுட்டது. நேரே அடுப்படிக்குப் போனேன். என்னத்தடி குடுத்துக்கிட்டிருக்க எனக்கு?

"எங்கிட்ட கத்தாதீங்க அத்தை. வாங்கினது உங்க பிள்ளை. படபடப்புன்னு டாக்டர்கிட்ட போனீங்களே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டாரு. சொல்லிட்டுச் செய்ங்கன்னேன். நீ வாயை மூடுன்னாரு."

ராம்குமாரா? என் ராம்குமாரா? — இவள் பேச்சை எப்படி நம்ப?

ஜூலை 9

கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா கேப்பியாம்மா? காபியே கூடாதுன்னுட்டாரு டாக்டர்."

கேட்கிறேனோ இல்லையோ, சொல்லவேண்டாமா? உயர்ந்த ரகம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன்தானே இவன். டாக்டர் பேச்சையும் இனி என் காதால் கேட்டால்தான்.

ஜூலை 11, வெள்ளி

அடையாறு டாக்டரிடம் போனோம், நானும் சந்திரிகாவும். டாக்டர் சொன்னார்: "காலைல ஒரு டம்ளர் குடிக்கலாம்மா. அதுக்கு மேல வேணாம்னு உங்க பையன்கிட்ட அன்னைக்கே சொன்னேனே."

சந்திரிகாவைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தாள். அவளுக்கும் இது தெரியாது. நடித்த முகம் இல்லை அது. எத்தனை முகம் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 12

ஒரே டம்ளர் என்றால் அதில் யாரும் என்னை ஏமாற்றக்கூடாது. மில்லை மூடிவிட்டார்களாம், அதை விசாரித்துக்கொண்டேன். வேறு வழியில்லை, போன்தான். சந்திரிகாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். வறுத்த தேதி போடாததை எல்லாம் தள்ளு என்றேன். புகழ்ந்தவர்களைப் படிக்க ஆரம்பித்தாள்.

"அதை விடு. திட்டினவங்களைப் படி. புகழ்றவனுக்குக் காசு குடுத்திருப்பான். திட்டுறவன்தான் குடிச்சிருப்பான்."

"இதுல ஒருத்தர், பாக்கெட் நசுங்கி வந்துச்சுங்கிறார். இன்னொருத்தர், ஒரேயடியா கசக்குது, ராத்திரி பூரா தூக்கம் வரலைங்கிறார்."

"தூக்கம் வரலைங்கிறானா? அதையே போடு."

ஜூலை 15

வந்தது. கொண்டுவந்தவன் வாசலிலேயே நின்று பறந்தான். "போனுக்கு வந்த நம்பர் சொல்லு ஆயா, டைம் ஆவுது." பாக்கெட்டை மூக்கடியில் பிடித்து ஓட்டை இருக்கும் பக்கம் அழுத்தினேன்.

"இன்னா ஆயா, மூக்குப்பொடியா கேட்ட? மோந்துகினு கீற?"

"நீ சும்மா இருப்பா."

மணம் வந்தது. குப்பென்று வந்தது. பிறகுதான் நம்பரைச் சொல்லச் சொன்னேன் சந்திரிகாவை.

ஜூலை 16, புதன்

காலையில் ஒரு டம்ளர். அடுப்படியில் நின்றே குடித்தோம், இரண்டு பேரும்.

மில் பொடி தீர்ந்துவிட்டது. ராம்குமாருக்கு, அவன் எனக்கென்று வாங்கியதையே போட்டுக்கொண்டுபோய் வைத்தேன். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட முடியுமா? முழுவதும் குடித்தான்.

"இன்னைக்கு சூப்பர்மா."

அப்படியாப்பா என்றேன். உள்ளே சந்திரிகா குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டாள்.