ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவன்

விஷ்ராந்த்வாடி, புனே

ஹரிபிரசாத்துக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஐந்து வாரமாக உன் அம்மா, "விடுங்க, பையன் மனசு கஷ்டப்படும்" என்று சொல்லிச் சொல்லி என்னை அடக்கி வைத்திருந்தாள். இனி முடியாது. நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் முறை, அதையும் முடித்துவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ரத்த அழுத்தம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, மாடிப்படி ஏற முடியாமல் இரண்டு முறை பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நீ நலம் என்பது ரோட்டர்டாமில் சைக்கிளோடு நின்று நீ அனுப்பும் படங்களில் தெரிகிறது. இதை வேண்டுமென்றே தமிழில் எழுதுகிறேன். உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படி. ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாக உள்ளே இறங்கட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிம்ப்ரி ஆலையில் முப்பத்தொரு வருஷம் உழைத்துவிட்டு நான் விருப்ப ஓய்வில் வந்தபோது, நீ லீவில் வந்து என் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை ஆன்லைனில் ஏற்பாடு செய்தாய். ஞாபகம் இருக்கிறதா? கணக்கோடு சேர்க்க என் போன் நம்பரைச் சொன்னேன். நீ சிரித்துவிட்டு, "வேண்டாம்பா, எவனாவது போன் பண்ணி ஓடிபி கேட்டா பட்டுனு சொல்லிடுவீங்க, என் புனே நம்பரையே போட்டுடறேன்" என்றாய். கொள்முதல் பிரிவில் கோடிக்கணக்கில் டெண்டர் பார்த்தவன் நான். உன் அம்மா முன்னால் அதைச் சொன்னாய், அவளும் சேர்ந்து சிரித்தாள். பாஸ்வேர்டாக அவள் பெயரை வைத்தாய், ராஜி, பின்னால் ஒன்று இரண்டு மூன்று. யோசித்துப் பார்த்தால் நீ அவளுக்குக் காட்டிய பாசம் அது ஒன்றுதான்.

அந்தக் கணக்குகளைப் பராமரிக்கும் கம்பெனியிலிருந்துதான் எங்கள் எல்லாருடைய விவரமும் திருடு போனது. பெயர், பான் எண், பிறந்த தேதி, வாரிசு, கையெழுத்திட்ட படிவத்தின் நகல், எல்லாம். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், பணம் எடுப்பதை நிறுத்தி வையுங்கள் என்று பதினொரு எச்சரிக்கை அனுப்பினார்களாம். பதினொன்றும் உன் புனே நம்பருக்குப் போயின. அந்த சிம் ரோட்டர்டாமில் உன் மேஜை டிராயரில், எந்தப் போனிலும் இல்லாமல் கிடந்தது. எனக்கு விஷயத்தைச் சொன்னவன் என்னோடு வேலை பார்த்த பத்மநாபன். கணக்கை உடனே முடக்கச் சொல்லி நான் உன்னைக் கூப்பிட்டது திங்கட்கிழமை. அந்தக் கம்பெனிக்கு நீ போன் செய்தது வியாழக்கிழமை. அன்று சாயங்காலம், "ஹோ கயா பா, முடிஞ்சுது, டென்ஷன் வேண்டாம்" என்று ஒரு செய்தி, கூடவே ஒரு கட்டைவிரல் படம். நான் நம்பினேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

சனிக்கிழமை நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் போயிற்று. திங்கட்கிழமை கணக்கு விவரம் வாங்கலாம் என்று அந்தக் கம்பெனிக்கு நேரில் போனபோதுதான் தெரிந்தது. மீதியை அங்கேயே உட்கார்ந்து முடக்கினேன். கவுண்டரில் ஒரு மராத்திக்காரப் பெண், உன் வயதுதான் இருக்கும், போன் பதிவுகளை எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள் அங்கிள், ஒருவர் உங்கள் மகன் என்று சொல்லிக் கணக்கை முடக்கச் சொன்னார், பிறந்த தேதி கேட்டால் செப்டம்பர் பத்தொன்பது என்றார், மூன்று முறையும் அதையே சொன்னார். இன்னொருவர் நீங்கள்தான் என்று பேசி போன் நம்பரை மாற்றச் சொன்னார், பிறந்த தேதி கேட்டதுமே ஜூன் ஒன்று என்றார். நாங்கள் அந்த முதல் ஆளைத்தான் திருடன் என்று குறித்து வைத்தோம் என்றாள்.

செப்டம்பர் பத்தொன்பது நான் நிஜமாகப் பிறந்த நாள், வீட்டுக்கு மட்டும் தெரிந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று தலைமை ஆசிரியர் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். என் தலைமுறையில் பாதிப் பேர் அன்றுதான் பிறந்தோம். காகிதத்தில் எனக்கு வேறு பிறந்தநாள் கிடையாது. உன் விசாவுக்காக என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை உன் கையாலேயே ஸ்கேன் செய்தாய். "என்னப்பா இது, ரெண்டு பர்த்டேயா, அப்ப ரெண்டு கேக்கா" என்று கேட்டுச் சிரித்தாய். சிரித்தாயே தவிர, அந்தத் தேதி உன் நினைவில் நிற்கவில்லை. எங்கேயோ இருக்கும் ஒரு திருடன் என்னைப் பற்றிப் படித்து வைத்திருந்தான். நீ படிக்கவில்லை. மூன்று முறை தவறியதும், முடியவில்லை அப்பா என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் போய் நின்றிருப்பேன். நீ கட்டைவிரல் அனுப்பினாய். "பாவம்ங்க, வேலைக்கு நடுவுல அவன் எத்தனைதான் பார்ப்பான்" என்கிறாள் உன் அம்மா. ரூபாய் போனது திருடன் செய்தது, அதற்குப் போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டைவிரலுக்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

இப்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். என் நம்பர், என் மெயில், எனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு. நேரில் வந்து கேட்டாலொழிய ஒரு பைசா வெளியே போகாது. வாரிசு இடத்தில் பாதி உன் பெயர் இருந்தது, இனி முழுவதும் ராஜி. அவள் அழுதாள். அழட்டும். உனக்கும் அங்கே ஓய்வூதியக் கணக்கு இருக்கும், அதையாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள். ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் வைக்காதே. தெரியாததைத் தெரியும் என்று யாருக்கும் செய்தி அனுப்பாதே. அந்தப் புனே சிம்மை உடைத்துக் குப்பையில் போடு, மறக்காதே.

நல்ல உடம்போடு இரு, வேலை நிலைக்கட்டும், உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்காவது உன் பிறந்த தேதி தெரிந்திருக்கட்டும். இதுதான் என் ஆசீர்வாதம்.

கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். பழைய கையெழுத்து திருட்டுப்போன நகலில் ஊர் சுற்றுகிறது, அது இனி என்னுடையது இல்லை. புதிதாக ஒன்று போட்டுப் பதிவு செய்திருக்கிறேன். வெளியாட்கள் யாருக்கும் இதைக் காட்டாதீர்கள் அங்கிள் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். ஆகவே கையெழுத்து இல்லாமலே இதை ஒட்டி, நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன்.