படிவத்தில் நான் போட்ட சரி

12 கார்த்திகை 1997, புதன்

நாரி நோகிறது, குனிந்து நிமிர முடியவில்லை என்று இன்று ஏஜென்சியில் சொல்லிவிட்டேன்.

நர்ஸ் வேலைக்கு இரண்டு வருடமாக அவர்கள் என்னை எந்த ஊருக்கு அனுப்பினாலும், படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிப் புரட்டும் வார்டுதான். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன். அங்கே வேலை பார்க்கும் ரஞ்சி அக்கா என் ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உம்மடை கையெழுத்துத்தானே? பாரம் தூக்குவீரோ எண்டு கேட்ட இடத்திலை சரி போட்டிருக்கிறீர். எல்லாத்துக்கும் சரி போட்டிருக்கிறீர்."

என் கையெழுத்துத்தான். எதற்காவது இல்லை என்றால் வேலை தரமாட்டார்கள் என்று இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு பயம். அதற்குப் பிறகு அந்தப் படிவத்தை நான் நினைக்கவே இல்லை.

"முதலே சொல்லியிருக்கலாமெல்லே" என்று அக்கா அந்தச் சரியை வெட்டினார். அடுத்த வேலை வடக்கே சட்பரி என்ற ஊரில் ஒரு கண் கிளினிக், மூன்று மாதம். சொட்டு மருந்து விடவேண்டும், கட்டு மாற்றவேண்டும். ஒருவரையும் தூக்கத் தேவையில்லை. அங்கே குளிர் கூடவாம். இருக்கட்டும். பஸ்ஸில் ஸ்காபரோ வீட்டுக்கு வந்து சேரும் வரை நாரி நோவே தெரியவில்லை.

வீட்டுக்குள் வர மாமி எனக்குப் போன் எடுத்தார். சனிக்கிழமை வீடு மாறுகிறார்களாம், சாமான் தூக்க வரட்டாம். ஓம் என்பது வாய் வரை வந்துவிட்டது.

"ஏலாது மாமி. நாரி நோகுது."

மாமி சொன்னார்:

"அப்ப நீ ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, எதை எங்கை வைக்கிறதெண்டு சொல்லு."