ஒரு நாளைக்கு எட்டு காபி

எடமலைப்பட்டி புதூர்,
3.2.2025

ஜோதிக்கு, வணக்கம்.

நான்கு நாளாக உங்கள் கடைக்கு வராததற்குக் கோபம் காரணமில்லை. காபி வாசனை பட்டால் என் உறுதி போய்விடும். அதனால்தான் ஸ்ரீரங்கத்தில் இறங்கி அடுத்த தெரு வழியாக லேபுக்குப் போகிறேன்.

தினமும் எட்டு காபி குடித்தது கடைசியில் கையில் வந்து நின்றது. சென்ற வாரம் லேபுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்போது விரல் நடுங்கியது. "ஊசி எனக்கா, உங்களுக்கா சார்?" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பயம். நடுங்கும் கையை நம்பி யார் கையை நீட்டுவார்கள்? டாக்டர் பார்த்துவிட்டு, காபிதான் காரணம் என்றார். அன்றே அடியோடு நிறுத்தினேன். இப்போது தலை பிளக்கிறது. கூட வேலை பார்க்கும் ஆலியாவிடம் எரிந்து விழுந்தேன். பாவம், இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொண்டுவருகிறார்.

வீரமலை

ஸ்ரீரங்கம்,
4.2.2025

வீரமலை சாருக்கு ஜோதி எழுதுவது.

எதிர்க்கடைக்குப் போய்விட்டீர்கள் என்று நினைத்து நான்கு நாளும் அந்தக் கடைக்காரரை முறைத்துக்கொண்டிருந்தேன். இனி அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

எட்டையும் ஊற்றிக் கொடுத்தவள் நான்தானே. மனசு கேட்கவில்லை. ஆலியாவிடம் விசாரித்தேன். "திடீர்னு நிறுத்தினா தலைவலி வரத்தான் செய்யும்க்கா. கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கச் சொல்லுங்க" என்றார். நாளைக்கு வாருங்கள். நான்கு டம்ளர், அதுவும் டிகாக்‌ஷன் பாதிதான். வாரத்துக்கு ஒன்றாகக் குறைப்பேன். மதியத்துக்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது, சுக்கு வெந்நீர்தான். ராத்திரி தூங்க வேண்டாமா?

ஜோதி

எடமலைப்பட்டி புதூர்,
10.3.2025

அன்புள்ள ஜோதிக்கு,

இப்போது காலையில் ஒரே காபி. பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறேன். இன்று ஒரு கைக்குழந்தைக்கு முதல் குத்திலேயே ரத்தம் எடுத்தேன்.

ஆனால் நான்கு மணியானால் கால் தானாக உங்கள் கடைக்கு வருகிறது. அந்தச் சுக்கு வெந்நீர் சகிக்கவில்லை. ஆனாலும் ஒரு நாளும் தவறவில்லை. ஏன் என்று நேற்றுதான் புரிந்தது. மனைவி இறந்த இந்த ஆறு வருஷத்தில், "சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்பது நீங்கள் ஒருவர்தான்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா? இல்லை என்றாலும் காலைக் காபிக்கு வருவேன். முகம் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

வீரமலை

ஸ்ரீரங்கம்,
11.3.2025

வீரமலைக்கு,

'சார்' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முசிறி பஸ் ஏறுவோம். அங்கே இருக்கும் என் அண்ணனிடம் நீங்களே கேளுங்கள். நான் ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

அண்ணி மத்தியானத்தில் பெரிய டம்ளர் நிறையக் காபி கொண்டுவந்து வைப்பார். வேண்டாம் என்றால் பெண்ணையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்வார். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்துங்கள்.

ஜோதி