தீர்த்தம் பட்ட கேக்

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
18.9.2005

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஒரு செபமாலை உனக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, நான் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. போனில் கூப்பிட்டால் நீ டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்குள் வைத்துவிடுகிறாய், அதனால் ஸ்டீபன்ராஜ் கல்யாணச் சேதியை எழுதியே சொல்லலாம் என்று நாலு நாளாக வாயைக் கட்டி வைத்திருக்கிறேன். புதன்கிழமை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, பெண் அனிஷா, வடமதுரைக்காரி, மூக்கும் முழியுமாக லட்சணமாக இருக்கிறாள், வாய்தான் கொஞ்சம் நீளம், அவனுக்கு அது வேண்டியதுதான்.

நான் சொல்ல வந்தது கேக் சமாச்சாரம். போன மாதம் ஒரு சாயந்தரம் ஸ்டீபன்ராஜ் வந்து வாசலிலேயே நின்றான், உள்ளே வாடா என்று நான் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினான். அத்தை, அப்பாகிட்ட இன்னும் சொல்லல, அனிஷா ஏதோ புஸ்தகத்துல பாத்தாளாம், வழுவழுன்னு வெள்ளைத் துணி போத்துன மாதிரி மூணடுக்கு கேக்குதான் வேணுமாம், பேக்கரில கேட்டா க்ரீமுதான் வரும்ங்கிறாங்க, நீங்க கிறிஸ்மசுக்கு ஒண்ணு செஞ்சீங்களாமே என்றான். நீ பார்சலில் அனுப்பிய அந்தக் குறிப்பையும் ரோஜாப்பூ அச்சையும் வைத்துச் செய்ததைத்தான் சொன்னான். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். தன் மகனுக்கு உன்னைப் பெண் கேட்டு, நீ மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து மூன்று வருஷமாக என் கூடப் பிறந்த அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தெருவில் இருந்துகொண்டு நம் வாசலைத் தாண்டக் கூடாது என்று டிவிஎஸ் வண்டியில் சர்ச்சைச் சுற்றிப் போகிற மனிதர். கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட மதினிதான் தனியாக உள்ளே வந்தது, அண்ணன் தெருமுனையில் வண்டியை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு நின்றார். உன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் கிடையாது, அதைத் திரும்பவும் எழுதுகிறேன், பிடிக்காத கல்யாணத்துக்குத் தலையாட்டாமல் இருந்ததுதான் சரி. ஆனால் அண்ணன் இல்லாத மூன்று கிறிஸ்மஸ் எனக்குக் கசந்துதான் போயிருக்கிறது. நீயும் மாமா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று லீவு கிடைத்தும் வராமல் இருக்கிறாய். இந்தக் கேக் ஒழுங்காக அமைந்தால் அண்ணன் வாய் திறப்பார், கெட்டுப்போனால் வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். யார் செய்கிறார்கள் என்று உன் அப்பாவிடம் நீயே சொல்லிவிட்டு வா, அப்புறம் செய்கிறேன் என்றேன். போய்ச் சொல்லியிருக்கிறான். அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை செய்தது குப்பைக்குப் போனது. கிளிசரின் வாங்கப் போனால் மெடிக்கல் சாகுல் ஹமீது யாருக்கு டீச்சர் வாயில புண்ணு என்று கேட்கிறார், கேக்குக்கு என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குளுக்கோஸ் கேட்டதற்குக் கலக்கிக் குடிக்கிற பொடியை எடுத்துக் கொடுத்தார், நானும் புத்தி இல்லாமல் அதையே போட்டேன். விரித்துத் தூக்கினால் கோடைக் குளத்து மண் மாதிரி பாளம் பாளமாக வெடிக்கிறது. அப்பா எட்டிப் பார்த்து, என்னடி சுவத்துக்குப் பட்டி பாக்கவா போற என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் மதுரைக்கு ஆள் அனுப்பி தேன் மாதிரி ஒழுகுகிற குளுக்கோஸ் டப்பா வரவழைத்தேன். சீனியை மிக்சியில் அரைத்து, அப்பாவின் பழைய மல் வேட்டியில் சலித்து, ஜெலட்டினை ஊறவைத்து வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துக் கரைத்து, குளுக்கோசும் கிளிசரினும் சேர்த்துச் சீனியில் ஊற்றி, கையில் டால்டா தடவிக்கொண்டு பிசைந்தால் முதலில் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு அழவைக்கும், விடாமல் பிசைந்தால் செத்த நேரத்தில் பச்சைப்பிள்ளைக் கன்னம் மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. இருபத்தாறு வருஷம் தையல் டீச்சராக இருந்தவள் நான், இன்ச் டேப்பை வைத்துக் கேக்குக்கு அளவெடுத்து, கான்ப்ளவர் மாவு தூவிச் சப்பாத்திக் கட்டையில் விரித்து, கேக் மேல் ஜாமைத் தடவிப் போர்த்தினேன், மடிப்பு விழுந்த இடத்தைக் கையாலேயே நீவிவிட்டேன், கீழே சுற்றிலும் பாவாடைக்கு வைப்பது போல ஃப்ரில் வைத்தேன். இளஞ்சிவப்பில் முப்பது ரோஜா. மேசைக் கால் நாலையும் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, ஃபிரிட்ஜில் வைத்தால் வேர்த்துவிடும் என்று நீ எழுதியிருந்ததால் வெளியிலேயே வைத்து, ஈக்குக் கொசுவலை கட்டி, மூன்று நாளும் அந்த அறைக்குள் அப்பாவைக்கூட விடவில்லை. வெயில், ஈ, எறும்பு, அப்பா, எல்லாவற்றையும் யோசித்த நான் தீர்த்தத்தை யோசிக்கவில்லை.

பங்கு மண்டபத்தில் ரிசப்ஷன். கேக்கைக் கொண்டுபோய் வைத்ததும் சனமெல்லாம் சுற்றி நின்று, இது தின்கிற கேக்கா, பீங்கானா என்று கேட்டது, அனிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அண்ணன் முன்வரிசையில் பட்டுச் சட்டையும் ஜரிகைத் துண்டுமாக, கேக் இருந்த பக்கம் திரும்பாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுவதற்கு முன்னால் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டும் என்று பெண் வீட்டுச் சொந்தத்தில் ஒரு சாமியார் வந்தார், நல்ல ஆகிருதி, தாராளமான கை. செபம் முடிந்து தீர்த்தக் குச்சியை முக்கி எடுத்து ஒரு வீச்சு வீசினார் பார், மேலடுக்கில் சொதசொதவென்று விழுந்தது. நமக்குத் தெரிந்து எத்தனை கேக்கை மந்திரித்திருக்கிறார்கள், க்ரீம் கேக்குக்கு அது ஒன்றும் செய்யாது. இது சீனி அல்லவா. என் கண் முன்னாலேயே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இறங்குகிறது, ரோஜாச் சாயம் வழிந்து வெள்ளையில் கோடு போடுகிறது. சாமியார் சுற்றி வந்து அடுத்த பக்கத்துக்குக் குச்சியை முக்குகிறார். மந்திரிக்கிற சாமியாரை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது.

அப்போதுதான் அண்ணன் எழுந்தார். தோளில் கிடந்த அந்தப் புதுத் துண்டை உருவி, கேக்குக்கு மேலே பந்தல் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போதும் சாமி, இது சீனியில போத்துனது, தண்ணி பட்டா கரைஞ்சுரும், என் தங்கச்சி மூணு நாளா ஒத்தையில உக்காந்து செஞ்சது என்றார். சாமியார் துண்டைப் பார்த்தார், அப்படின்னா மிச்சம் உங்களுக்கு என்று சொல்லி அண்ணன் தலையிலேயே ஒரு வீச்சு வீசிவிட்டார், சனம் சிரித்த சிரிப்பில் கூரை போயிருக்கும். நான் சிரிக்கவில்லை. அவர் தங்கச்சி என்று சொன்னதைக் கேட்டு நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தேன். முகத்தில் தண்ணீர் வழிய என் பக்கம் திரும்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற, வந்து சரிபண்ணு என்றார். மூன்று வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது, அதிலும் ஒரு அதட்டல். மிச்சச் சீனி மாவு டப்பாவில் இருந்தது, குழி விழுந்த இடத்திலெல்லாம் கிழிசலுக்கு ஒட்டுப்போடுவது போல இலை வெட்டி ஒட்டினேன், அவர்தான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார், இங்க ஒண்ணு வையி, அங்க ஒண்ணு வையி என்று மேஸ்திரி வேலை வேறு. மூணு நாள் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு மதினியிடம் கேட்டேன். தினமும் ராத்திரிச் சாப்பாட்டில், அங்க வேலை எம்புட்டு ஆச்சாம் என்று யாரையோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தப் பிள்ள ஏன் வர்றதில்ல என்று இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். லீவு இல்லை என்று சொல்ல வாய் வந்தது, பொய் எதற்கு என்று, உங்களுக்குப் பயந்துதான் அண்ணே என்று சொல்லிவிட்டேன். ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். இன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்து காபித்தண்ணி போட்டு, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து, பந்தி வரைக்கும் எழுதியிருப்பேன், வாசலில் டிவிஎஸ் சத்தம். அப்பா கதவைத் திறப்பதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்தாகிவிட்டது. யாருக்கு எழுதுற என்று கேட்டார், சொன்னேன், கீழ ரெண்டு வரி இடம் விடு என்கிறார்.

ஆகையால் முடிக்கிறேன். ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காப்பார், தேவமாதா உன் பக்கத்திலேயே இருப்பாள், நானும் அப்பாவும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, இருமல் விடவில்லை என்றால் உன் ஆஸ்பத்திரியிலேயே காட்டு, நர்சு என்பதற்காக நீயே மருந்து எடுத்துக்கொள்ளாதே.

உன் அன்பு அம்மா
வியாகுலம்மாள்

ஏஞ்சலினுக்கு மாமா எழுதுறது. கேக்கு நல்லா இருந்துச்சு, மேல போத்துன சீனிதான் ரொம்ப இனிப்பு, உரிச்சு வச்சுட்டுத் தின்னேன், உங்கம்மாகிட்ட சொல்லாத. கிறிஸ்மசுக்கு வா. எந்த ரயிலுன்னு எழுது, ஸ்டேஷனுக்கு நான் வாரேன்.

இருதயநாதன்